கொடி மாறினால் கப்பல் மாறிவிடுமா?
ஜெர்மன் கப்பலான டாசியாவை முதல் உலகப் போர் தொடங்கிய பிறகு ஓர் அமெரிக்கர் வாங்கினார். வெளிநாட்டுக் கப்பல்களை அமெரிக்கக் கொடியின் கீழ் பதிய அனுமதித்த 1914 ஆகஸ்ட் சட்டப்படி பதிவானதாலேயே அது முழு அமெரிக்கக் கப்பலாகிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பதிவு செய்வது அமெரிக்காவின் உள்நாட்டு விஷயம். எதிரிக் கப்பலா இல்லையா என்று தீர்மானிப்பது அதைப் பிடித்த நாட்டின் நீதிமன்றம். கடற்போர் விதிகளைத் தொகுத்த 1909 லண்டன் பிரகடனத்தின் 56-வது விதிப்படி, போர் தொடங்கிய பிறகு எதிரிக் கப்பலை நடுநிலை நாட்டுக் கொடிக்கு மாற்றும் விற்பனை பொதுவாகச் செல்லாது. செல்ல வேண்டுமானால், பிடிபடும் ஆபத்தைத் தவிர்க்க விற்கவில்லை என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். பயணத்தின் நடுவிலோ முற்றுகையிட்ட துறைமுகத்திலோ விற்றிருந்தாலும், திரும்ப வாங்கும் உரிமையை விற்றவர் வைத்திருந்தாலும் நிரூபிக்கவே வழியில்லை. அன்றைய பிரெஞ்சு மரபு இன்னும் கடுமை: போர் தொடங்கிய பின் நடந்த கொடி மாற்றத்தை அது ஏற்றதே இல்லை. லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் பேஜ், பிரிட்டன் அல்லாமல் பிரெஞ்சுக் கடற்படை பிடிக்கட்டும் என்று பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் கிரேயிடம் யோசனை சொன்னதன் அருமை இங்கேதான் புரிகிறது. லண்டன் மீது கொதிக்கும் அமெரிக்கப் பத்திரிகைகள் பாரிஸ் மீது அப்படிப் பாயாது. 1915 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் டாசியாவை ஆங்கிலக் கால்வாயில் பிடித்து, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். சிக்கல் கப்பலில்தான், அதில் ஏற்றியிருந்த பருத்தியில் அல்ல. அப்போது பருத்தி, எதிரிக்குப் போனால் பறிமுதல் செய்யக்கூடிய தடைப் பொருளே கிடையாது.