கைபேசி பார்த்தால் பிள்ளைக்குக் கண்சிமிட்டும் நோய் வருமா?

திருகோணமலையில் உவர்மலை முதல் நிலாவெளி வரை பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் குரல் பதிவொன்று, கைபேசி பார்க்கும் பிள்ளைகளின் நரம்பு பழுதாகிக் கண்சிமிட்டலும் தோள் குலுக்கலும் வருவதாகவும், கைபேசியைப் பறித்தால் ஒரே கிழமையில் அவை மறைந்துவிடும் என்றும் சொல்கிறது. இரண்டுமே நிறுவப்படாதவை.

வைத்தியர்கள் ‘டிக்’ என்றழைக்கும் இவ்வசைவுகள் பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சமடைந்து, பதின்ம வயதில் தணிபவை. 1885இல், அதாவது தொலைக்காட்சியே இல்லாத காலத்தில், பிரெஞ்சு வைத்தியர் ஜில் டி லா டூரெட் இவற்றை விரிவாக விபரித்திருக்கிறார். பரம்பரைக்கும், அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைச் சுற்றுகளுக்கும் இதில் பெரும் பங்குண்டு.

பதிவில் துளி உண்மையும் உண்டு. தூக்கமின்மை, களைப்பு, பதற்றம், மிகுந்த பரபரப்பு ஆகியவை ஏற்கெனவே உள்ள டிக்கைக் கூட்டக்கூடும். இரவு பதினொரு மணிவரை போர்வைக்குள் விளையாடும் பிள்ளைக்கு இவையெல்லாம் ஒன்றாகவே வந்து சேரும். திரை நேரத்துக்கும் டிக்குக்கும் தொடர்பு கண்ட ஆய்வுகள் உள்ளனவெனினும், எது காரணம், எது விளைவு என்பதை அவை நிறுவவில்லை. டிக் தானாகவே கூடிக் குறைவது என்பதால், கைபேசியைப் பறித்த கிழமையில் அது குறைந்தால் பாராட்டு பறித்தவருக்குப் போய்விடுகிறது.

“கண்ணைச் சிமிட்டாதே” என்று அதட்டுவது பதற்றத்தைக் கூட்டி அசைவையும் கூட்டலாம். அசைவு வலியைத் தந்தாலோ, ஓராண்டைக் கடந்தாலோ, படிப்பைக் குழப்பினாலோ சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அசைவின்போது நினைவு தப்பினால் அது வலிப்பாக இருக்கக்கூடும் என்பதால், உடனே காட்டுங்கள்.