வெட்டிய வாக்கியங்களில்தான் என் கட்டுரை இருந்தது

என்னை டேக் செய்தவர்களுக்கும், இன்பாக்ஸில் வந்து "விட்டுவிடுங்கள், பெரிதாக்க வேண்டாம்" என்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் கட்டுரை வந்த தொகுப்பு நூலின் தொகுப்பாளர், ஒரு பகுதியை அடுத்த பகுதியோடு இணைக்கும் வாக்கியங்களை வெட்டியதை நியாயப்படுத்திப் போட்ட பதிவை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். "இனி இதைப் பார்ப்போம்", "முன்பே சொன்னதுபோல" போன்றவை ஊன்றுகோல்களாம். அவற்றைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் சில கட்டுரைகள் நடக்கவே தொடங்கினவாம். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வரியிலேயே "ஏரிக் கட்டுரை" என்று வந்துவிடுகிறது. அந்தத் தொகுப்பில் ஏரியைப் பற்றி எழுதியது நான் ஒருத்திதான்.

ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடத்தில் வரும் வாக்கியம் அலங்காரத்துக்கு வைப்பது அல்ல. இதற்குப் பிறகு ஏன் அது வருகிறது என்ற காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காரணம்தான் கட்டுரையின் வாதம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தகவல் மட்டும்தான்.

என் கட்டுரையிலிருந்தே காட்டுகிறேன். முதல் பகுதி ஏரியின் அமைப்பு: கரை, தண்ணீர் திறக்கும் மதகு, மிகை நீர் வழியும் கலங்கல், தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் நீர்க்கட்டி. இரண்டாவது பகுதி காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர்: சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம். மூன்றாவது 1858: கரை உடையும் நிலை வந்தால் ஊரார் வந்து உழைத்தே தீர வேண்டும் என்று சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம்.

முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே, "மதகு யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்காமல் மதகைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. அதற்காக உத்திரமேரூர் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்; நிலமும் கல்வியும் உள்ளவர்களின் சபை. அதை எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாது" என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, "ஒரு காலத்தில் குடவோலையில் பெயர் வந்து ஏற்ற பொறுப்புக்கு, பின்னால் ஏன் தண்டனை காட்டி ஆள் பிடிக்க வேண்டி வந்தது? இனி வருவது அந்தக் கேள்வி" என்று இருந்தது.

இரண்டும் போய்விட்டன. அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள்.

அதன் பலனையும் பார்த்தீர்கள். புத்தகம் வந்த வாரத்திலேயே ஒருவர், நான் சோழர் பொற்காலம் பாடுகிறேன், சாதியை மறைக்கிறேன் என்று எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அச்சில் இருந்ததைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் எழுதிய எச்சரிக்கை அவர் கண்ணில் படவே இல்லை. அது 'ஊன்றுகோல்' என்று தூக்கி எறியப்பட்டுவிட்டதே. திட்டு மட்டும் என் பெயருக்கு வந்தது.

"மிகைபடக் கூறல் குற்றம் என்று நன்னூலே சொல்கிறது" என்று, தேவைக்கு மேல் சொல்வதைக் குறை கூறும் அந்தப் பழைய இலக்கண நூலைக் காட்டி, தொகுப்பாளருக்காக வாதாடும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். சொல்கிறது, மறுக்கவில்லை. பத்துக் குற்றத்தில் அதுவும் ஒன்று. ஆனால் நன்னூலை எழுதிய பவணந்தியார் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குற்றம், அழகு இரண்டையும் சொன்ன கையோடு நூலுக்குரிய உத்திகள் 32 என்று பட்டியல் தருகிறார். நுதலிப் புகுதல் அதில்தான் வருகிறது. சொல்லப் போவதைச் சுட்டிவிட்டு உள்ளே போவது. உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. 'இதைப் பின்னால் சொல்வோம்', 'இதை முன்னாலேயே சொன்னோம்' என்று வாசகருக்குச் சொல்வதை ஓர் உத்தியாகவே அவர் எண்ணி வைத்திருக்கிறார். பத்து அழகில் 'முறையின் வைப்பு', அதாவது வரிசை முறையோடு வைப்பது, உண்டு. பத்துக் குற்றத்தில் 'மயங்க வைத்தல்', அதாவது படிப்பவர் குழம்பும்படி வைப்பது, உண்டு. நண்பர் இவற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு வரட்டும்.

திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரை எடுத்துக்கொள்ளுங்கள். குறளில் ஒவ்வொரு அதிகாரமும் தனியாக நிற்கக்கூடியது. அப்படியிருந்தும் அவர் அதிகாரத்தின் வாசலில் நின்று, இது ஏன் இந்த இடத்தில் வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போகிறார். கடவுள் வாழ்த்துக்குப் பின் வான் சிறப்பு ஏன்? அந்தக் கடவுளின் ஆணையால் உலகமும் அறமும் நடக்க மழை காரணம் என்கிறார். "அதிகார முறைமையும் இதனானே விளங்கும்" என்று முடிக்கிறார். அவர் சொல்லும் காரணத்தோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். ஆனால் காரணத்தை வெளியே வைத்திருப்பதால்தான் 'இல்லை ஐயா, இது சரியில்லை' என்று அவரோடு சண்டை போட முடிகிறது. மூன்று நட்சத்திரங்களோடு யார் சண்டை போட முடியும்?

"மேலும், இறுதியாக, முடிவாக என்று பள்ளிக்கூடக் கட்டுரைபோல எழுதச் சொல்கிறீர்களா?" இல்லை. காரணம் எதுவும் இல்லாமல் 'மேலும்' போடுவது எனக்கும் எரிச்சல்தான். அதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

எனக்கு வலித்தது இன்னொரு வரி. "வாசகன் அறிவாளி. அவனைக் கைபிடித்து நடத்துவது அவனை அவமதிப்பது." எந்த வாசகன்? மேசை, விளக்கு, மூன்று மணி நேரத் தனிமை எல்லாம் வாய்த்த வாசகனா? நான் யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

என் பெரியம்மாவுக்குக் கண் புரை முற்றிய பிறகு நாளிதழ், வாரப் பத்திரிகை எல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார், நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். 'இது ஒருபுறம் இருக்க' என்று வந்தால் முகம் நிமிரும். 'நிற்க' என்று வந்தால், அந்தக் காலக் கடிதங்களில் நலம் விசாரித்து முடித்ததும் வருமே, அதேபோல, பழைய பேச்சு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படி எதுவும் இல்லாமல் பேச்சு மாறினால் உடனே, "இரு, இரு. இப்ப எதைப் பத்திப் படிக்கிற?" என்பார். நான் பக்கத்தைப் பார்ப்பேன். நட்சத்திரக் குறி இருக்கும். அதை எப்படி வாய்விட்டுப் படிப்பது? பெரியம்மாவுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கட்டுரையாளர் விட்ட ஓட்டையை முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். அச்சுப் பக்கத்தில் விட்ட வெற்றிடம் அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்று பேருந்தில் நின்றுகொண்டு கைபேசியில் படிப்பவருக்கும், திரைவாசிப்பானில் கேட்கும் பார்வையற்ற நண்பருக்கும் இதே நிலைமைதான். இவர்களுக்காக ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினால் இலக்கியத் தரம் குறைந்துவிடும் என்றால், அந்தத் தரம் யாருக்காக? 'புரியாதவர்கள் வேறு ஏதாவது படிக்கட்டும்' என்ற மனசு இதற்குப் பின்னால் இருக்கிறது. அதை வாசகன் மேல் வைத்திருக்கும் மரியாதை என்று சொல்லும்போது எனக்குத் தாங்க முடியவில்லை.

"எடிட்டிங் என்றால் வெட்டுவார்கள்தான், இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருந்தால் எப்படி?" என்கிறார்கள். வெட்டட்டும். என் எழுத்தை நல்ல எடிட்டர்கள் பக்கம் பக்கமாக வெட்டியிருக்கிறார்கள், நன்றியோடு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வெட்டும் முன் போன் செய்து "இது எதற்கு இங்கே?" என்று கேட்டார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்தும் வெளியே பேசாமல் இருந்தேன். அந்தப் பொற்காலக் குற்றச்சாட்டு வந்தபோதுகூட, "அது நான் நீக்கிய பகுதியில் இருந்தது" என்று தொகுப்பாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை எழுதவில்லை. ஊன்றுகோல் பதிவு எழுதினார்.

இரண்டாம் பதிப்பு வருகிறது என்று விளம்பரம் பார்த்தேன். அந்த இரண்டு பத்திகளும் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் என் கட்டுரை அதில் வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டுவிட்டேன், பதில் இல்லை. அதனால் இங்கே எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். கட்டுரையின் முழு வடிவத்தை நாளை காலை இதே பக்கத்தில் போடுகிறேன். என்னைப் பொற்காலம் பாடுகிறவள் என்று எழுதிய அந்த நண்பரை அதில் டேக் செய்வேன். அதைப் படித்துவிட்டு அவர் திட்டினால், அந்தத் திட்டுக்கு நான் பதில் சொல்கிறேன்.