கைதானாலே டிஎன்ஏ எடுத்துவிட முடியாது
"கைதானால் யாராக இருந்தாலும் டிஎன்ஏ எடுத்து 75 வருஷம் வைத்துக்கொள்வார்கள், மறுக்கவே முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் சரி. 2022 குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தின் 3-ம் பிரிவைப் படியுங்கள்: பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், அல்லது ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றம், இவை அல்லாத குற்றத்தில் கைதானவர் ரத்தம், உமிழ்நீர் போன்ற உயிரியல் மாதிரி தர மறுக்கலாம். கைரேகை, போட்டோவுக்கு இந்த விலக்கு இல்லை. அப்புறம், அந்த வழக்குக்கே ஆதாரம் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மருத்துவர் மூலம் பரிசோதிக்க பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 51-ம் பிரிவு தனியாக இடம் தருகிறது, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

75 வருஷம் என்பது உண்மை. ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானாலோ, நீதிமன்றமோ மாஜிஸ்திரேட்டோ எழுத்துமூலம் காரணம் சொல்லித் தடுக்காதவரை பதிவை அழித்தே ஆக வேண்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்: விதிகளின்படி அழிக்கச் சொல்லி மாநில நோடல் அதிகாரியிடம் (இதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அதிகாரி) கோரிக்கை வைக்க வேண்டும். நிரபராதி என்று தீர்ப்பு வந்தபிறகும் எதற்கு இந்த அலைச்சல்?