தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா அல்ல

தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா என்று ஒரு பதிவு சொல்கிறது. அன்புடன் ஒரு திருத்தம்: அந்த இடம் ஆனைமுடிக்கு உரியது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வரையாடுகள் மேயும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் நிற்கும் அதன் உயரம் 2,695 மீட்டர்.

ஊட்டிக்கு அருகிலுள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர். வித்தியாசம் 58 மீட்டர். அது தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் என்பது உண்மையே. தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதைத் தென்னிந்தியா முழுவதற்கும் நீட்டும்போதுதான் தவறாகிறது. தொட்டபெட்டாவின் உச்சிவரை சாலை இருப்பதால் பலரும் நேரில் பார்த்த சிகரம் அது. ஆகவே குழப்பம் இயல்புதான்.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களை இணையத்திலேயே பெறலாம். இரு சிகரங்களுக்குமான தாள்களில் உச்சிப் புள்ளியருகே அச்சிட்டிருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.