நெய் டப்பாவுக்குப் பூட்டு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் வாசல் கம்பிக்கதவுக்கு இரண்டு பூட்டு போடாத வீடு கிடையாது. ஆனால் நெய் டப்பாவுக்குப் பூட்டு போட்டது என் தம்பி வீடு மட்டும்தான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவர்கள் ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தோம். போன வாரம் அத்தையே, "எழுதும்மா, எனக்கென்ன வெட்கம்? நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

தம்பி பல வருடம் லாரி ஓட்டியவன். முதுகு போய்விட்டது. இரவில் தூக்கம் இல்லை. கஞ்சா புகைக்கவும் பிடிக்காது. இருமல் வரும், அதோடு எங்கள் வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிட முன்னால் முகர்ந்துவிடுவார். தொட்டியில் இரண்டு செடி வளர்த்தான். அப்புறம், கஞ்சாவை நெய்யில் இறக்கித் தருகிற தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினான். மிக்சிக்கும் ரைஸ் குக்கருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். செடியையும் நெய்யையும் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு, வேறு வேலை பார்க்கலாம். தானே சூடாக்கும், தானே கலக்கும், நேரம் முடிந்தால் கூவும்.

நான் கேலி செய்தேன். எங்கள் ஆயா எந்தப் பொத்தானை அமுக்கினார்? வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு இரும்புச் சட்டியில் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவார். சலசலப்பு அடங்கி நுரை நின்றால் தண்ணீர் போய்விட்டது, பதம் வந்துவிட்டது என்று காதாலேயே சொல்லிவிடுவார். கொழுப்பில் இலையின் சத்தை இறக்குவது நமக்கு என்ன புது வித்தையா? சித்த மருத்துவத்தில் இந்தச் செடிக்குச் சிவமூலி என்று பெயரே உண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் தம்பி சொன்னதுதான் சரி. ஆயாவின் காது இதற்குப் போதாது. பச்சைச் செடியில் இருப்பது டிஎச்சிஏ என்ற அமிலம். அதை அப்படியே தின்றால் போதை ஏறாது. சுமார் 115 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் போல உலர்ந்த சூட்டில் இருந்தால் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து, போதை தருகிற டிஎச்சி ஆகும். சூடு குறைந்தால் பாதி செடி வீண். கூடினால் அந்த டிஎச்சியே சிதைந்துபோகும். நம் வீட்டு ஓவன் 115 என்று காட்டினால் உள்ளே 100ஆகவும் இருக்கலாம், 135ஆகவும் இருக்கலாம். அந்த இடத்தில் இயந்திரம் கெட்டி.

இதிலும் ரகம் உண்டு. மேஜிக்கல் பட்டர் என்பது உள்ளேயே பிளேடு வைத்து அரைத்துக் கலக்கும். லெவோ இலையைத் தனிக் கூட்டில் வைத்து எண்ணெயை மெதுவாகச் சுற்றவிடும். ஆர்டென்ட் முக்கியமாக, மேலே சொன்ன அந்த உலர்ந்த முதல் சூட்டுக்காகவே வந்தது. அரைத்தால் பச்சையம் அதிகம் இறங்கும், நெய் பச்சையாகிக் கசக்கும். சில இயந்திரங்களில் முதல் சூட்டை ஓவனில் தனியாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். இது தெரியாமல் பச்சையாகப் போட்டுவிட்டு "ஒன்றுமே ஏறவில்லை" என்று புலம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்காவுக்கான 110 வோல்ட் இயந்திரத்தை இங்கே 230 வோல்ட்டில் செருகிக் கருக்கியவரையும் எனக்குத் தெரியும். லோட்ஷெடிங் காலத்தில் நடுவில் கரண்ட் போனால் எவ்வளவு நேரம் சூடு நின்றது என்று யாருக்கும் தெரியாது. சரி, அதெல்லாம் பணத்தோடு போகிற நஷ்டம்.

என் சண்டை "தானியங்கி" என்ற அந்தச் சொல்லோடுதான். சூட்டையும் நேரத்தையும் அது பார்த்துக்கொள்ளும். உள்ளே போட்ட செடி எவ்வளவு வீரியம், ஒரு ஸ்பூனில் எவ்வளவு இறங்கியது என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதே அதுதானே?

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். செடியில் 15 சதவீதம் டிஎச்சிஏ என்று வைத்துக்கொள்வோம். 7 கிராம் போட்டால் 1050 மில்லிகிராம். கரியமில வாயு பிரிந்த எடையைக் கழித்தால் டிஎச்சி சுமார் 920. முழுதும் இறங்கியதாக வைத்து, அதை 250 கிராம் நெய்யில் பிரித்தால் கிராமுக்கு 3.7 மில்லிகிராம் வருகிறது. ஒரு டீஸ்பூன் நெய் நாலரை கிராம். ஆக ஒரு டீஸ்பூனில் சுமார் 16.5 மில்லிகிராம். கனடாவில் கடையில் விற்கிற ஒரு பாக்கெட் தின்பண்டத்தில் மொத்தமே 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். முதல் தடவை சாப்பிடுகிறவருக்கு இரண்டரையே போதும் என்பார்கள். தம்பி போட்டது 7 கிராமா, 10 கிராமா? "கண்ணளவு அக்கா" என்றான். அவன் செடி 15 சதவீதமா, 20 சதவீதமா? அது கடவுளுக்கே வெளிச்சம்.

இனி அத்தை கதை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்தார். 71 வயது. தம்பி வெளியூர் போயிருந்தான். அவன் மனைவியும் நானும் அண்டா கழுவக் கோயிலுக்குப் போய்விட்டோம். அத்தை தனியாகத் தோசை வார்த்துக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து நெய்யை எடுத்திருக்கிறார். லேசான பச்சை. முருங்கைக்கீரை போட்டு உருக்கிய நெய் என்று நினைத்தாராம். தம்பி மனைவிக்கு இவ்வளவு கைப்பக்குவமா என்று சந்தோஷம் வேறு. மூன்று தோசை, மூன்று ஸ்பூன். கணக்கை மறுபடி பாருங்கள்: சுமார் 50 மில்லிகிராம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. கோயிலுக்கு வந்து எங்களோடு வெங்காயம்கூட உரித்தார். அப்புறம் திடீரென்று, "கண்ணு, தரை வெல்லப்பாகு மாதிரி இளகுது" என்றார். நெஞ்சு படபடக்கிறது, நாக்கு ஒட்டுகிறது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. புகைத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரலில் அது இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறி, பல மணி நேரம் இறங்காது. அதனால்தான் "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொரு துண்டு தின்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அத்தைக்கு அந்தத் தப்பு செய்யக்கூட வாய்ப்பில்லை. தின்பது என்னவென்றே தெரியாது.

ஆஸ்பத்திரியில் பக்கவாதமா, மாரடைப்பா என்று பார்த்தார்கள். இசிஜி, ரத்தம், எல்லாம். "என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டார். தம்பி மனைவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எனக்கு அதற்குள் பச்சை நெய் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. கூழ் ஊற்ற வந்த கிழவிக்குக் கஞ்சா நெய் கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. கடைசியில் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "வாசலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தடை செய் என்று கிளம்புகிறவர்களுக்கு: வேண்டாம். 1870இல் டர்பன் இருக்கிற இந்த நேட்டால் பகுதியின் பிரிட்டிஷ் காலனி அரசு ஒரு சட்டத்தில் இந்தச் செடியைக் "கூலிகள்" புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று எழுதியது. அந்தக் கூலிகள் நம் பாட்டன் பூட்டன்தான். தடையின் ருசி நமக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 18 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், பெரியவர்கள் சொந்த இடத்தில் சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமில்லை என்றது. 2024 மே மாதம் அதிபர் ரமபோசா அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் விற்பது இன்றும் குற்றம். 2025 மார்ச்சில் கஞ்சா கலந்த உணவுப் பொருட்களுக்கு ஒரேயடியாகத் தடை என்று சுகாதார அமைச்சர் அறிவித்து, கூச்சல் கிளம்பியதும் அதே மாதம் திரும்பப் பெற்றார்கள். விளைவு என்ன? மில்லிகிராம் அச்சடித்த டப்பாவைக் கடையில் சட்டப்படி வாங்க முடியாது. கண்ணளவில் காய்ச்சிய டப்பாவை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சமையலறையும் ஒரு மருந்து ஃபாக்டரி, தரம் பார்க்க ஆள் இல்லை. இதில் இயந்திரக்காரர்களுக்குத்தான் லாபம்.

அதனால் இயந்திரம் வாங்கும் காசில் முதலில் ஒரு சின்னத் தராசு வாங்குங்கள் என்பேன். கால் ஸ்பூனுக்கும் குறைவாக எடுத்துப் பார்த்து, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். முக்கியமாக நெய்யில் போடாதீர்கள். தமிழ் வீட்டில் நெய் டப்பாவை யாரும் அனுமதி கேட்டுத் திறப்பதில்லை. குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசையக்கூட அதுதான் முதலில் கைக்கு வரும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், யாராவது தலைக்குத் தேய்த்துவிட்டுப் போவார்கள். கறுப்புக் கண்ணாடிச் சொட்டு பாட்டிலில், வீட்டில் வேறெதற்கும் வாங்காத ஒரு எண்ணெயில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தம்பி கேட்கவில்லை. நெய்யில்தான் நன்றாக இறங்குகிறதாம். அதனால்தான் அந்தப் பூட்டு.

புரட்டாசி சனிக்கிழமைக்கு அத்தை மறுபடி வந்தார். கைப்பையில் துண்டில் சுற்றி, தானே உருக்கிய நெய் ஒரு பாட்டில். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தை கண்டுகொள்ளவே இல்லை. அவன் தோசையிலும் அந்தப் பாட்டிலிலிருந்துதான் ஊற்றினார்.