வுவுசெலா செய்த குற்றம் என்ன?

உலகக் கோப்பைக் கால்பந்து பற்றிப் பேச்செடுத்தாலே, "2010-ல ஒரு ஊதலை வச்சுக் காதைக் கிழிச்சாங்களே" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த அந்த உலகக் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஸ்பெயினின் இனியெஸ்டா அடித்த கோலை மறந்தவர்களுக்குக்கூட வுவுசெலா என்ற அந்த ஊதல் நினைவிருக்கிறது. டிவியில் அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக வுவுசெலாவையும் அதை ஊதிய தென்னாப்பிரிக்க ரசிகர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்கவே முடியாது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சுமார் 65 செ.மீ. நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல். விரல் வைக்கத் துளை கிடையாது, சீவாளி கிடையாது. உதட்டைத் தளர்வாக உள்ளே பொருத்தி 'ப்ர்ர்' என்று அதிரவிட்டு ஊத வேண்டும். உதடு அதிராவிட்டால், எவ்வளவு மூச்சைக் கொட்டினாலும் வெறும் காற்றுதான் வரும். அதிர்ந்தால் ஏறக்குறைய 233 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு சுரம். அதுவும் ஆளுக்கு ஆள் இம்மியளவு ஏறும், இறங்கும். பல்லாயிரம் பேர் சேர்ந்து ஊதும்போது அந்த இம்மி வித்தியாசங்கள் ஒன்றோடொன்று உரசித்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. அந்தச் சுரத்தோடு கூடவே எழும் மேல்சுரங்களோ மனிதக் குரல் இருக்கும் அதே அதிர்வெண்களில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பாட்டு, கூச்சல், வர்ணனையாளர் குரல் எல்லாம் அதில் மூழ்கியது இதனால்தான். ஒளிபரப்பு நிறுவனங்கள் அந்த அலைவரிசைகளை மட்டும் வடிகட்டப் படாத பாடு பட்டன.

இந்தக் குழல் உலகக் கோப்பைக்காகச் செய்யப்பட்டதல்ல. தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியான கைசர் சீஃப்ஸின் ரசிகர் ஃபிரெடி மாக்கே, 1960-களில் சைக்கிள் ஹாரனைப் பிடுங்கி ஊதி இதைத் தொடங்கியவன் நானே என்றார். அந்நாட்டின் ஷெம்பே திருச்சபையினர், அது எங்கள் வழிபாட்டுக் கொம்பு என்கிறார்கள். 2001 வாக்கில் கேப் டவுனில் நீல் வான் ஸ்கால்க்விக் பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்து விற்க ஆரம்பித்த பிறகு கேலரி முழுக்கப் பரவியது. யார் உரிமையாளர் என்ற வழக்கு எப்படியோ போகட்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட டவுன்ஷிப் குடியிருப்பான சொவேட்டோவின் இரண்டு பெரிய அணிகளான கைசர் சீஃப்ஸும் ஓர்லாண்டோ பைரேட்ஸும் மோதும் நாளில் அது என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அங்கே ஒரு பக்கம் ஊதிக் கொடுக்கும், இன்னொரு பக்கம் வாங்கிப் பதிலுக்கு ஊதும். நடுவே பாட்டு வரும், ஊதல் அடங்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் மூச்சை அடைக்கிற மாதிரி மொத்தமாக ஊதுவார்கள். பபூன் குரங்கைச் சத்தத்தாலேயே கொல்லலாம் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு.

கெட்டிமேளம் என்றால் தாலி ஏறும் நேரத்தில் கொட்டுவது. காலையில் பந்தி தொடங்கி மாலை வரவேற்பு வரை அதையே கொட்டிக்கொண்டிருந்தால் எந்த மண்டபத்திலும் ஆள் நிற்காது. அதற்காகத் தவிலைத் தடை செய் என்று யாரும் கேட்க மாட்டோம்.

2010-இல் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். கேலரியில் உட்கார்ந்தவர்கள் மாறிப்போனார்கள். டிக்கெட் விற்பனை முதலில் பெரும்பாலும் இணையத்திலும் வங்கி விண்ணப்பங்களிலும் நடந்தது. ஆட்டத்தன்று வாசலில் ரொக்கம் கொடுத்து உள்ளே போய்ப் பழகிய டவுன்ஷிப் ரசிகருக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளூர்வாசிகளுக்கு 140 ராண்டில் மலிவு டிக்கெட் இருந்தது உண்மைதான். ஆனால் கவுன்ட்டரில் நேரடி விற்பனை ஏப்ரலில்தான் தொடங்கியது, போட்டிக்கு இரண்டே மாதம் இருக்கும்போது. எப்போது ஊத வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்களில் பலர் வெளியே நின்றுவிட்டார்கள். வாசலில் ஒரு வுவுசெலா வாங்கிக்கொண்டு முதல்முறையாக உள்ளே போனவர்கள் தொண்ணூறு நிமிடமும் ஊதித் தீர்த்தார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷமாக இருக்கத்தானே வந்தார்கள்.

நான் ஆட்டத்தைப் பாதி காதால் பார்க்கிறவன். அடுத்த அறையில் இருந்தாலும் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே நிலவரம் தெரிந்துவிடும். கார்னர் கிடைத்தால் ஒரு சலசலப்பு. கிராஸ் பந்து காற்றில் இருக்கும்போது அரை நொடி மூச்சடைப்பு. கம்பத்தில் பட்டால் 'ஆ' என்று ஒரு வலி. 2010-இல் எனக்கு இந்தப் படிகள் எதுவும் கேட்கவில்லை. தொடக்க ஆட்டத்தின் 55-ஆவது நிமிடத்தில் மெக்சிகோவுக்கு எதிராக ஷபலாலா அடித்த அந்த அற்புதமான கோலுக்கு எழுந்த கூச்சல்கூடச் சீக்கிரமே மறுபடி ரீங்காரத்துக்குள் போய்விட்டது.

அதனால் ஆட்டக்காரர்களான மெஸ்ஸியும் எவ்ராவும் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் குரல் கேட்காமல் எப்படி ஆடுவது? உலகக் கோப்பைக்கு ஓராண்டு முன் அதே நாட்டில் ஒத்திகை போல நடந்த 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின்போதே ஸ்பெயின் வீரர் ஸாபி அலோன்சோ தடை கேட்டார். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அப்போதைய தலைவர் செப் பிளாட்டர் மறுத்துவிட்டார். அவர் செய்த பல காரியங்களில் எனக்கு உடன்பாடில்லை, இதில் முழு உடன்பாடு. 2010 செப்டம்பரில் ஐரோப்பிய கால்பந்து ஒன்றியம் தன் போட்டிகளில் வுவுசெலாவைத் தடை செய்தது. ஆடுகளத்துக்கும் கேலரிக்கும் நடுவே உணர்ச்சி போய்வர வேண்டும், அதை இந்த ஓசை மூழ்கடிக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் ஊருக்கு அது சரி. ஆனால் சொவேட்டோவில் அந்தப் போக்குவரத்தை நடத்தியதே வுவுசெலாதான்.

காது விஷயத்தில் சமாதானம் சொல்ல மாட்டேன். உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றில் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டியது. ஆட்டம் முடிந்து வந்தவர்களுக்குத் தற்காலிகமாகச் செவித்திறன் குறைந்தும் இருந்தது. குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள் காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது. குழலுக்கு நேர் முன்னால் யாரையும் உட்காரவைக்கவும் கூடாது.

அடுத்து பிரேசில் என்ன செய்தது தெரியுமா? 2014 உலகக் கோப்பைக்காக இசைக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுனை வைத்து 'காஷிரோலா' என்று ஒரு பிளாஸ்டிக் கிலுக்கியை உருவாக்கினார்கள். மென்மையான ஓசை, யார் காதுக்கும் கெடுதல் இல்லை. அதிபர் தில்மா ரூசெஃபே ஆட்டிக் காட்டினார். 2013 ஏப்ரலில் சால்வடோரில் பாஹியா–விட்டோரியா ஆட்டத்தில், தோற்றுக்கொண்டிருந்த பாஹியாவின் ரசிகர்கள் கோபத்தில் அதை மைதானத்துக்குள் வீசி எறிந்தார்கள். அந்த ஆண்டின் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கே அதை அனுமதிக்கவில்லை. மேலே இருந்து கொடுத்த வாத்தியத்தை ரசிகன் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2020-இல் கொரோனா காலத்தில் காலி கேலரிகளோடு பிரீமியர் லீக் நடந்தபோது, வீடியோ கேமுக்காகப் பதிவு செய்து வைத்திருந்த ரசிகர் சத்தத்தை ஒளிபரப்பில் சேர்த்தார்கள். என்னால் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியவில்லை. பந்து எங்கேயோ இருக்க, சத்தம் எங்கேயோ இருந்தது.

வுவுசெலாவை இன்னும் திட்டுகிற நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2010 உலகக் கோப்பையை விடுங்கள். சீஃப்ஸ்–பைரேட்ஸ் ஆட்டம் ஒன்று யூடியூபில் கிடைக்கும். சத்தத்தைக் கூட்டிவைத்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கேளுங்கள். அப்புறம் பேசுவோம்.