நிற்கிற மலையாம்!

நேற்றைய கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சரிவின் அடியைப் பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டிவிட்டு, அந்தச் செம்மண் சுவருக்கு முன்னால் நின்று 'விரைவில் நம்ம காட்டேஜ்' என்று வீடியோ போட்டாரே, அவர்தான். "அடியில் கைவைத்தால் மேலே இருப்பது இறங்கும்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "நூறு வருஷமா நிக்கிற மலை மேடம், நீங்க சொன்னதும் விழுந்துடுமா?" என்று பதில். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர் 'ஜியாலஜி டீச்சர் வந்துட்டாங்க' என்றார்.

சரி, டீச்சராகவே பேசுகிறேன். மலை நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருக்கிறது.

நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். கேரட், உருளை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் எனக்கு ஒரே வேலைதான்: கீழ் வரப்பில் சேர்ந்து கிடக்கும் மண்ணைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, மேல் பாத்தியில் கொட்டுவது. போன வருடமும் கொட்டினோமே என்று அழுதால், "மண்ணுக்கு இறங்கத்தான் தெரியும், ஏத்துறது நம்ம வேலை" என்பார் அப்பா. வேலிக்கால்களையும் சில வருடங்களுக்கு ஒருமுறை நிமிர்த்தி நடுவார். எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும், பள்ளத்தைப் பார்த்து.

ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் ஜனவரிக் காலையில் உறைபனியைப் படம் பிடிக்கிறீர்கள் அல்லவா? அப்படியே கொஞ்சம் குனிந்து வெறும் மண்ணையும் பாருங்கள். ஊசி ஊசியாய் எழும்பிய பனி மண் துகளைத் தலையில் தூக்கி நிற்கும். தூக்குவது சரிவுக்கு நேர்குத்தாக. வெயில் பட்டு உருகும்போது துகள் விழுவதோ நேரே கீழே. அவ்வளவுதான், ஒரு மயிரிழை இறங்கிவிட்டது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண்ணும் இப்படித்தான் இறங்குகிறது. மண்புழு தள்ளுவது, மாட்டின் குளம்பு மிதிப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர். நம் குன்றுகளின் உச்சி ஏன் இட்லி மாதிரி உருண்டிருக்கிறது? இதற்குக் கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1909-லேயே விடை சொல்லிவிட்டார். கீழே போகப் போக, மேலிருந்து வரும் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. அத்தனையையும் கடத்த வேண்டுமானால் சரிவு கூடிக்கொண்டே போக வேண்டும். ஆக, நீங்கள் செல்ஃபி எடுக்கும் அந்த வளைவே மண் இறங்கி இறங்கி வந்த வடிவம்.

அந்த வளைவின் அடியைத்தான் அவர் வெட்டியிருக்கிறார். மேல் மண்ணுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இடம் அது. நம் ஊரில் பாறைக்கு மேலே மக்கிப்போன களிமண் பல இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே கிடக்கிறது. மழை ஊறி உள்ளே தண்ணீரின் அழுத்தம் ஏறினால் துகளுக்குத் துகள் பிடிமானம் போய்விடும். அவர் பெருமையாகக் காட்டிய தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. நான் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

"1978 நிலச்சரிவில் இங்கே அத்தனை பேர் செத்தார்களே, அப்போது ரிசார்ட் இருந்ததா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரிசார்ட் இல்லாமலும் மலை சரியும். ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சிக்குப் பெயரே பழைய சரிவால் வந்ததுதான், சரிவைக் குறிக்கும் 'அவலாஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மட்டும் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழைக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் தானாகவே இறங்குகிற ஒன்றின் காலை வாரிவிடுவது என்ன நியாயம்?

"உன் வீடும் மலையை வெட்டிக் கட்டியதுதானே?" ஆமாம், தாத்தா கடப்பாரையால் வெட்டினார். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

"கேரட் விவசாயிதான் மண்ணை ஆற்றில் விடுகிறான்" என்று ஒரு மகான் எழுதியிருந்தார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரிவோடு பாத்தி போட்டால் மண் அரிக்கும், உண்மைதான். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்றுதான் அப்படிப் போடுகிறோம். போன மண்ணைத் தலையில் சுமந்து திரும்ப ஏற்றியது யார்? உங்கள் காட்டேஜ்காரர் எத்தனை கூடை சுமந்தார்? நாங்கள் மாட்டுக்கொட்டகைக்கு ஒரு பக்கச் சுவர் வைக்க நான்கு மாதம் மனுவோடு அலைந்தோம். கட்டிடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எங்களிடம் டேப் வைத்து அளந்தார்கள். கொட்டகை, ஐயா, கொட்டகை! வீடியோவில் இருக்கும் பள்ளத்துக்கு மட்டும் எந்த டேப்பும் எட்டவில்லை போலிருக்கிறது.

2009 நவம்பரில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அந்த இரவு மேல்வீட்டு அத்தையை அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பாதையில் ஓடியது தண்ணீரா சேறா என்று தெரியவில்லை, செருப்பு இரண்டும் போய்விட்டது. பின்னால் எங்கோ பெரிய லாரி சரளைக்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். அது நின்ற பிறகு வந்த அமைதிதான் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அத்தை காலையில் தன் வீட்டைப் பார்க்கப் போகிறேன் என்றார். பார்க்க ஒன்றும் இல்லை. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யாரும் அப்போது இங்கே இல்லை, தெரியும்.

என் வீட்டுக்கு வந்து நேரில் பேசலாம் என்று அந்த வீடியோக்காரர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். தாராளமாக வரட்டும், டீ உண்டு. காரை மட்டும் மேல் வாசலில் நிறுத்த வேண்டாம். அங்கே தரையில் ஒரு விரிசல் ஓடுகிறது. ஜூனில் இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டு வந்தேன், நடுவில் ஒரு சாண். இப்போது அதற்கு மேல் இரண்டு விரல் அகலம் கூடியிருக்கிறது.